கல்லூரியில் நாடகத் துறை தொடங்கினால் அது பிள்ளைகளிடம் நிற்குமா?

உங்கள் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன். வேலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் நாடகத்துக்கென்று தனித் துறை தொடங்கப் போகிறார்கள், பாடத்திட்டம் எழுதும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறது, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்களே, நிர்வாகக் கூட்டத்தில் ஒருவர் "மூணு வருஷம் நாடகம் படிச்ச பிள்ளைகிட்ட பத்து வருஷம் கழிச்சு என்ன மிஞ்சும்?" என்று கேட்டார், என்னால் பதில் சொல்ல முடியவில்லை என்று. உங்களைக் குடைவது பாடத்திட்டம் இல்லை, இந்தக் கேள்விதான் என்று எனக்குப் படுகிறது. அதற்கே பதில் எழுதுகிறேன். பாடத்திட்டத்தைப் பற்றி இடையிடையே வரும்.

நான் மட்டக்களப்புக்காரன். முதலில் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர், பிறகு இருபது வருஷத்துக்கு மேல் பல்கலைக்கழகத்தில் அரங்கியல் படிப்பித்தேன், இப்போது ஓய்வு. ஆகவே நான் சொல்லும் உதாரணங்கள் அதிகமும் இலங்கையிலிருந்துதான் வரும். உங்களுக்கு அது தூரமாகத் தெரியலாம், ஆனால் பல்கலைக்கழக நாடகம் ஒரு சமூகத்துக்குள் எவ்வளவு ஆழமாக இறங்க முடியும் என்பதை அறுபது எழுபது வருஷம் பின்னோக்கிப் பார்த்துச் சொல்ல எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல இடம் தமிழில் இல்லை.

முதலில் ஒரு வேடிக்கை. இலங்கையில் அதிகத் தாக்கம் செய்த பல்கலைக்கழக நாடகங்கள் உருவானபோது அங்கே நாடகத் துறை என்று ஒன்று இருக்கவே இல்லை. கண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் எதிரிவீர சரச்சந்திர சிங்களமும் பாளியும் சார்ந்த பேராசிரியர். அவர் கிராமத்து நாடகங்களை ஆராய்ந்தார், 1955 வாக்கில் ஜப்பான் போய் அவர்களுடைய மரபு நாடகங்களான நோ, கபுகி பார்த்தார், திரும்பி வந்து மாணவர்களை வைத்து 'மனமே' போட்டார். 1956 நவம்பர் 3ஆம் தேதி கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் அது ஏறியது. சிங்கள நாடகத்தின் போக்கே அன்றைக்கு மாறியது என்பதில் அங்கே யாருக்கும் சண்டை இல்லை. அந்த நாடகத்தில் கவனிக்க வேண்டிய ஆள் பேராசிரியர் மட்டும் இல்லை. அம்பலாங்கொடையிலிருந்து சார்ல்ஸ் சில்வா குணசிங்க என்ற குருநான்சேயை, அதாவது 'நாடகம' என்ற சிங்களக் கிராமத்துப் பாட்டு நாடகத்தின் ஆசானை, அவர் கூட்டி வந்தார். பாட்டும் ஆட்டமும் தாளமும் அந்த மனிதரிடமிருந்து வந்தன. அந்தச் சிங்கள நாடகமவுக்கே தமிழ்க் கூத்தோடு, குறிப்பாகக் கரையோரக் கத்தோலிக்கக் கூத்தோடு உறவு உண்டு என்பது தனிக் கதை, அதைத் தொடங்கினால் இந்தப் பதில் முடியாது.

தமிழ்ப் பக்கத்திலும் அதே கதைதான். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை தமிழ்த் துறையில் இருந்துகொண்டு யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழில் நாடகம் எழுதினார், பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்துப் பிள்ளைகள் நடித்தார்கள். மேடையில் செந்தமிழ் முழங்கிக்கொண்டிருந்த காலத்தில் வீட்டில் பேசுவதுபோல் மேடையில் பேசலாம் என்பதே அந்தப் பிள்ளைகளுக்குப் புதுசு. அதில் நடித்த மாணவர்களில் ஒருவர் கா. சிவத்தம்பி. அவர் பின்னால் பர்மிங்காம் போய் ஜார்ஜ் தாம்சனிடம் பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் என்ற பொருளில் ஆய்வு செய்து 1970இல் பட்டம் வாங்கினார், திரும்பி யாழ்ப்பாணத்தில் ஒரு தலைமுறைக்கே நாடகத்தை யோசிக்கக் கற்றுக்கொடுத்தார். கணபதிப்பிள்ளையின் மாணவர் சு. வித்தியானந்தன். அவரும் தமிழ்த் துறைதான். அவர் 1962இல் 'கர்ணன் போர்', 63இல் 'நொண்டி நாடகம்', 60களின் நடுவில் 'இராவணேசன்', 67இல் 'வாலி வதை' என்று நாலு கூத்தைப் பேராதனை மாணவர்களை வைத்துப் போட்டார். அவருக்கு அண்ணாவியாராக இருந்தவர் மட்டக்களப்பு வந்தாறுமூலையைச் சேர்ந்த செல்லையா அண்ணாவியார். உங்கள் பக்கம் தெருக்கூத்தில் வாத்தியார் என்பார்களே, எங்கள் பக்கம் அவர்தான் அண்ணாவியார். கூத்தைப் பழக்குவதும், மத்தளம் அடிப்பதும், மேடையில் பின்னால் நின்று முழுக் கூத்தையும் கையில் வைத்திருப்பதும் அவர்.

இதை விரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காலத்தில் இங்கிலீஷ் படித்த தமிழ்க் குடும்பங்களில் கூத்து என்றால் முகம் சுளிப்பார்கள். "கூத்தாடப் போறியோ" என்பது வசவு. கூத்தாடியவர்கள் விவசாயிகள், மீனவர்கள், ஒடுக்கப்பட்ட சாதியார். அப்படியிருக்கும்போது பல்கலைக்கழகத்துக்குள் ஒரு பேராசிரியர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒத்திகை பார்க்கிறார், மருத்துவமும் பொறியியலும் படிக்காததற்காக ஏற்கெனவே வீட்டில் பேச்சு வாங்கிய பிள்ளைகள் ஒரு கிராமத்துக் கிழவரிடம் ஆட்டம் பழகுகிறார்கள், பெண்பிள்ளைகளும் மேடை ஏறுகிறார்கள். கூத்தில் பெண் வேஷம் ஆண்கள் கட்டுவதுதான் வழக்கம், அதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். அந்தப் பிள்ளைகள் பின்னால் என்ன ஆனார்கள் என்பதைவிட, யாரை வணங்கக் கற்றுக்கொண்டார்கள் என்பதுதான் என் கண்ணில் முதல் தாக்கம்.

அண்ணாவியாரிடம் பழகுவது எப்படி இருக்கும் என்று கிட்டத்தில் சொல்கிறேன், ஏனென்றால் பாடத்திட்டம் எழுதுபவர் இதைத் தெரிந்திருக்க வேண்டும். மட்டக்களப்பில் கூத்துப் பழக்கத் தொடங்கும் நாளைச் சட்டம் கொடுத்தல் என்பார்கள். ஊர்ப் பெரியவர்கள் கூடியிருக்க, யாருக்கு எந்தப் பாத்திரம் என்று அண்ணாவியார் முடிவுசெய்து அவரவர் பாட்டை எழுதிய கொப்பியைக் கையில் கொடுப்பார். குரல், உயரம், கால், எல்லாவற்றையும் பார்ப்பார், கொஞ்சம் குடும்பத்தையும் பார்ப்பார். பிறகு இரவு இரவாகப் பழக்கம். முதலில் தாளக்கட்டு, வாயால் சொல்லிச் சொல்லிக் காலில் ஏற்றுவது, அது ஏறாமல் பாட்டுக்குப் போக விடமாட்டார். அடுத்து சதங்கை அணிகிற நாள் வரும், அது ஒரு சிறு விழா. அப்புறம் அடுக்குப் பார்த்தல், முழுக் கூத்தையும் ஒருமுறை அடுக்கிப் பார்ப்பது. அதற்குப் பிறகுதான் அரங்கேற்றம், அது விடிய விடிய நடக்கும். அரங்கேற்றம் முடிந்தும் கூத்து முடியாது, வீட்டுக்கு வீடு போய் ஆடுவார்கள். மொத்தம் ஆறு மாதம் எடுக்கும், சில ஊரில் அதற்கும் மேலே. நீங்கள் இப்போது உட்கார்ந்து 'முதலாம் பருவம், இரண்டாம் பருவம்' என்று கட்டம் போடுகிறீர்கள் அல்லவா, இதுவும் ஒரு பாடத்திட்டம்தான், யாரோ எப்போதோ நன்றாக யோசித்துப் போட்டது. படிப்படியாக ஏறும், ஒவ்வொரு படிக்கும் ஊர் சாட்சி, தேர்வு உண்டு, தோற்றால் எல்லோருக்கும் தெரியும்.

என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். நல்ல குரல், மேடைக்குப் பிறந்தவன் போல் உயரம், ஆனால் காலில் தாளம் நிற்காது. நாங்கள் அழைத்து வந்த அண்ணாவியார் அவனைத் திட்டவே இல்லை. மூன்று வாரம் மத்தளத்துக்குப் பக்கத்தில் உட்காரவைத்துச் சல்லரி தட்டவைத்தார். எங்கள் மொழியில் சல்லரி என்றால் கைத்தாளம். ராஜா வேஷம் கிடைக்கும் என்று வந்த பிள்ளை, முதல் வாரம் முகத்தைத் தூக்கிக்கொண்டு தட்டினான். இரண்டாம் வாரம் யார் எங்கே பிசகுகிறார்கள் என்று அவனுக்குக் கேட்கத் தொடங்கிவிட்டது. மூன்றாம் வாரம் அவர் சல்லரியை வாங்கி வேறொருவனிடம் கொடுத்துவிட்டு, "இப்ப எழும்பு" என்றார். ஆடினான். பெரிய ஆட்டக்காரன் ஆகவில்லை, ஆனால் பிசகவில்லை. நான் அந்த மூன்று வாரத்தில் தாளத்தைப் பற்றி இரண்டு விரிவுரை செய்திருந்தேன், அதில் ஒன்றுகூட அவனுக்கு ஞாபகம் இல்லை என்று பின்னால் அவனே சொன்னான். இப்போது அவன் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறான். கணக்கு வராத பிள்ளையைக் கரும்பலகைக்கு அருகில் நிறுத்தி மற்றப் பிள்ளைகளின் விடையைத் திருத்தவைக்கிறானாம். அதை எங்கிருந்து எடுத்தான் என்று நான் கேட்கவில்லை.

இப்போது உங்கள் கூட்டத்துக்காரர் கேட்ட பத்து வருஷத்துக்கு வருவோம். பேராதனைப் பிள்ளைகளில் 'இராவணேசன்' கூத்தில் இராவணனாக ஆடியவர் சி. மௌனகுரு. 1943இல் மட்டக்களப்பில் பிறந்தவர். அவர் 1969இல் 'சங்காரம்' போட்டார், புராணத்துக்குப் பதில் சமூகத்தில் உள்ள ஏற்றத்தாழ்வுகளையே பாத்திரங்களாக்கி, கூத்தின் ஆட்டத்தில். பிறகு மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்தார், யாழ்ப்பாணத்தில் படிப்பித்தார், அப்புறம் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு வந்து நுண்கலைத் துறையை வளர்த்தார், தான் மாணவனாக ஆடிய அதே 'இராவணேச'னை முப்பது நாற்பது வருஷம் கழித்துத் தன் மாணவர்களை வைத்துத் திரும்பப் போட்டார். கிழக்குப் பல்கலைக்கழகம் எங்கே இருக்கிறது தெரியுமா? வந்தாறுமூலையில். செல்லையா அண்ணாவியாரின் ஊர். இந்தக் கலை ஒரு காலத்தில் அந்த ஊரிலிருந்து பேராதனை மலைக்கு ஏறியது, ஒரு தலைமுறை கழித்து பல்கலைக்கழகமாக அதே ஊருக்கு இறங்கி வந்தது. நான் அந்த வளாகத்துக்குப் போகும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வேன், பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம் சொன்னால் ஏதோ விளம்பரம் செய்கிறான் என்று பார்ப்பார்.

யாழ்ப்பாணத்துக் கதை வேறு வழியில் போனது. அங்கே குழந்தை ம. சண்முகலிங்கம் பள்ளிக்கூட ஆசிரியர். 70களில் கொழும்புப் பல்கலைக்கழகம் ஆசிரியர்களுக்காக நடத்திய நாடக டிப்ளோமாவைப் படித்துவிட்டுத் திரும்பி, 1978இல் நாடக அரங்கக் கல்லூரி என்று ஒன்றைத் தொடங்கினார். பெயரில்தான் கல்லூரி, மற்றபடி ஆர்வமுள்ளவர்கள் கூடிப் பயிலும் இடம். அதே வருஷங்களில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் வளர்ந்துகொண்டிருந்தது. வித்தியானந்தன்தான் 1979இல் அதன் முதல் துணைவேந்தர், சிவத்தம்பியும் அங்கே வந்துவிட்டார். 1985இல் சண்முகலிங்கம் எழுதி க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய 'மண் சுமந்த மேனியர்' பல்கலைக்கழக மாணவர்களால் ஆடப்பட்டது, வளாகத்துக்குள் நிற்காமல் ஊர் ஊராகவும் போனது. யுத்தம் வாசலுக்கு வந்துவிட்ட நேரம். சனம் மேடையில் தங்களையே பார்த்தது. இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆசிரியர்களுக்கு நடந்த ஒரு டிப்ளோமா, அதில் படித்த ஒரு பள்ளிக்கூட வாத்தியார், அவர் தொடங்கிய ஒரு சிறு பயிற்சிக் களம், பக்கத்தில் ஒரு புதுப் பல்கலைக்கழகம். ஏழு வருஷத்தில் ஒரு காலகட்டத்தின் குரலாகிவிட்டது. எந்த நிர்வாகக் கூட்டத்திலும் இதை யாரும் முன்கூட்டித் திட்டமிட்டிருக்க முடியாது.

இவ்வளவும் சொன்ன பிறகு நானே என் பேச்சை வெட்டவும் வேண்டும். நான் அடுக்கியவை எல்லாம் ஜெயித்தவர்களின் கதை. மௌனகுருவோடு நின்று ஆடிய எத்தனையோ பேர் நிர்வாக சேவைக்குப் போனார்கள், வெளிநாடு போனார்கள், சதங்கையைத் திரும்பக் கட்டவே இல்லை. என்னைத் தேடி வந்து "சேர், அந்த நாடகம்தான் என்னை மனிசனாக்கியது" என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள், ஆனால் தேடி வராதவர்களை நான் எப்படிக் கணக்கில் எடுப்பது? நாடகம் ஒருவரைத் துணிச்சல்காரர் ஆக்கியதா, ஏற்கெனவே துணிச்சல் உள்ளவர்தான் நாடகத்துக்கு வந்தாரா என்பதையும் என் அனுபவத்தை வைத்துப் பிரித்துக்காட்ட முடியாது. 'நாடகம் படித்தால் தன்னம்பிக்கை வளரும், தலைமைப் பண்பு வரும்' என்று விளம்பரத் தாளில் போடச் சொல்வார்கள். போடாதீர்கள் என்றுதான் சொல்வேன். இருபது வருஷத்தில் நான் பார்த்ததில் உறுதியாகச் சொல்லக்கூடியது இன்னும் சின்னது: ஒரு வேலையை மாதக்கணக்கில் மற்றவர்களோடு சேர்ந்து திருத்தித் திருத்திச் செய்து, ஒரு குறிப்பிட்ட நாளில் முன்பின் தெரியாத சனத்தின் முன் வைத்த அனுபவம் மறப்பதில்லை. படித்த பாடம் மறக்கிறது. பிரேக்ட், ஸ்தானிஸ்லாவ்ஸ்கி என்ற ஐரோப்பிய நாடக மேதைகளை நான் ஆசையாகப் படிப்பித்தேன், அதெல்லாம் பரீட்சை மண்டபத்து வாசலில் விழுந்துவிட்டதை என் கண்ணால் பார்த்தேன்.

பேராதனையில் செய்ததற்கு எதிர்ப்பேச்சும் உண்டு, அதையும் நீங்கள் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும். விடிய விடிய ஆடும் கூத்தை ஒன்றரை மணி, இரண்டு மணி நேரத்துக்கு வெட்டினார்கள். நாலு பக்கமும் சனம் சுற்றி உட்காரும் வட்டக் களரியை விட்டு, ஒரு பக்கம் மட்டும் திறந்த பெட்டி மேடையில் ஏற்றினார்கள். நகரத்துப் பார்வையாளனுக்குக் கூத்து கிடைத்தது, சரி, ஆனால் கூத்தாடும் ஊருக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வி இருக்கிறது. மட்டக்களப்பில் சி. ஜெயசங்கரும் அவரோடு சேர்ந்தவர்களும் பின்னால் சீலாமுனையில் செய்த கூத்து மீளுருவாக்கம் இந்தக் கேள்வியிலிருந்து வந்தது: கூத்தை வளாகத்துக்குக் கொண்டு வருவதற்குப் பதில் வளாகத்துக்காரர் ஊருக்குப் போய், ஊர்க்காரரோடு பேசி, ஊர்க் களரியிலேயே அதில் மாற்றம் செய்வது. இரண்டு கட்சிக்கும் ஆள் உண்டு, விவாதம் சில நேரம் சூடாகவும் போகும். நான் எந்தக் கட்சி என்று கேட்டால், 1962இல் வித்தியானந்தன் வெட்டி மேடையேற்றியிராவிட்டால் பின்னால் வந்தவர்களுக்கு விமர்சிக்கவே ஒன்று இருந்திருக்காது என்பேன், ஆனால் இன்றைக்கு ஒருவர் அதையே திரும்பச் செய்தால் எனக்குப் பிடிக்காது. 62இல் கூத்துக்கு மரியாதை தேவைப்பட்டது. இப்போது அதற்கு ஆடும் பிள்ளைகளும் நேரமும் காசும் தேவை.

தமிழ்நாட்டைப் பற்றி நான் அதிகம் பேசக் கூடாது, அது உங்கள் வீடு. 1977இல் காந்திகிராமத்தில் நடந்த நாடகப் பட்டறையும் அதிலிருந்து கிளைத்தவையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தேசிய நாடகப் பள்ளியில் படித்த சே. இராமானுஜம் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கு வந்ததும், புதுவையில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் நாடகப் பள்ளி தொடங்கியபோது இந்திரா பார்த்தசாரதி அதைக் கையில் எடுத்ததும் வரலாறு. அந்த இரண்டு இடத்திலும் படித்தவர்கள் உங்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறார்கள். பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குவதற்குப் பதிலாக, அங்கே எது வேலை செய்யவில்லை என்று அவர்களிடம் கேளுங்கள், அதைச் சொல்ல ஆட்கள் காத்துக்கொண்டிருப்பார்கள்.

பட்டப்படிப்பாக ஆனதும் வரும் ஒரு நோயைப் பற்றியும் எச்சரிக்கிறேன். இலங்கையில் நாடகமும் அரங்கியலும் உயர்தரத்துக்கு, உங்கள் பிளஸ் டூ மாதிரி, ஒரு பாடம், பள்ளிக்கூடங்களில் அதற்கு ஆசிரியர் வேலையும் உண்டு. இது பெரிய வரம், ஏனென்றால் நாடகம் படித்த பிள்ளை பட்டினி கிடக்காமல் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறது, அங்கே இன்னும் நாற்பது பிள்ளைகளுக்கு அது பரவுகிறது, தாக்கம் என்று நான் சொல்வதில் பாதி இந்த வழியாகத்தான் நடந்திருக்கிறது. அதே வரம்தான் நோயும். பரீட்சை என்று வந்ததும் 'கூத்தின் பண்புகள் ஐந்து தருக' என்று கேள்வி வரும், டியூஷன் வரும், நோட்ஸ் வரும். கூத்தின் இரண்டு பாணிகளான வடமோடியும் தென்மோடியும் வேறுபடும் விதத்தைப் பத்து வரியில் பிழையில்லாமல் எழுதிய ஒரு மாணவி, இரண்டையும் நேரில் பார்த்ததே இல்லை என்று என்னிடம் நேர்முகத்தில் சொன்னாள். அவள் பிழை இல்லை. புள்ளி, நீங்கள் மதிப்பெண் என்பீர்கள், அங்கேதான் இருந்தது. ஆகவே உங்கள் திட்டத்தில் எழுத்துப் பரீட்சைக்கு எவ்வளவு, செய்முறைக்கு எவ்வளவு என்ற கட்டத்தில்தான் முதல் சண்டை போட வேண்டும். செய்முறைக்குப் பாதிக்குக் கீழே ஒத்துக்கொள்ளாதீர்கள். செய்முறையில் நடித்தவருக்கு மட்டும் புள்ளி கொடுக்காதீர்கள், கிரீடம் ஒட்டியவர், உடுப்புத் தைத்தவர், திரை இழுத்தவர், எல்லோருக்கும் அதே அளவு. என்னிடம் திரும்பி வந்து பேசியவர்களில் ராஜா வேஷக்காரர்களைவிட இவர்கள்தான் அதிகம்.

அடுத்தது காசு விஷயம். இதை யாரும் புத்தகத்தில் எழுதமாட்டார்கள். நான் வேலை செய்த ஓர் இடத்தில், பெயர் வேண்டாம், ஓர் அண்ணாவியாரை வருகை விரிவுரையாளராக எடுக்க முயன்றோம். அலுவலகத்திலிருந்து கல்வித் தகைமைச் சான்றிதழ் கேட்டுக் கடிதம் வந்தது. அறுபத்தெட்டு வயது மனிதர், எத்தனையோ கூத்து அரங்கேற்றியவர், ஐந்தாம் வகுப்பு. நான் கடிதத்தை அவரிடம் காட்டவில்லை. கடைசியில் கிளாக்கர் ஒருவர் இரக்கப்பட்டு ஒரு வழி கண்டுபிடித்தார்: 'இசைக்கருவி திருத்தும் கூலி' என்ற தலைப்பில் காசு கொடுக்கலாம். மத்தளம் திருத்த வந்தவர் என்று அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய், உள்ளே முப்பது பிள்ளைகளுக்கு ஆட்டம் பழக்கினார். மூன்றாம் மாதம் அவருக்கே விஷயம் தெரிந்துவிட்டது. ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த கிழமை வரவில்லை. நானும் இரண்டு பேரும் வீட்டுக்குப் போய்க் கதிரையில் உட்காராமல் நின்றுகொண்டு பேசித்தான் கூட்டி வந்தோம். ஆகவே விதிமுறை எழுதும்போதே, பட்டம் இல்லாத மரபுக் கலைஞரை ஆசிரியராக நியமிக்க ஒரு பதவி, அதற்கு ஒரு பெயர், விரிவுரையாளருக்குக் குறையாத ஊதியம், இதை முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். துறை தொடங்கிய பிறகு இதைச் சேர்ப்பது நடக்காது, தொடங்கும் அவசரத்தில் இருக்கும்போது கையெழுத்துப் போடுவார்கள்.

மற்றவை சின்ன விஷயங்கள், ஆனால் துறை சாவது இவற்றால்தான். கூரை உயரமான, தூண் இல்லாத ஓர் அறை வேண்டும், தரை மண்ணோ மரமோ. சீமெந்துத் தரையில் வருஷக்கணக்கில் குதித்தால் முழங்கால் போய்விடும், என்னுடையது போய்விட்டது. அந்த அறைத் திறப்பு, நீங்கள் சாவி என்பீர்கள், துறையில் இருக்க வேண்டும், பதிவாளர் அலுவலகத்தில் இல்லை. ஒத்திகை நேரத்தைக் கடைசி பஸ்ஸையும் பெண்கள் விடுதி கதவு மூடும் நேரத்தையும் பார்த்துப் போடுங்கள், இல்லாவிட்டால் இரண்டாம் வருஷத்தில் மேடையில் பையன்கள் மட்டும்தான் இருப்பார்கள், பிறகு 'பெண்பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை' என்று அறிக்கை எழுதுவார்கள். ஒளியமைப்பு, கணினி இதெல்லாம் என் துறை இல்லை, அதில் என் பேச்சைக் கேட்காதீர்கள்.

வருஷத்துக்கு எத்தனை நாடகம் என்று கேட்டிருந்தீர்கள். ஒன்று. நிர்வாகத்துக்கு நாலு இருந்தால் ஆண்டறிக்கைக்கு நன்றாக இருக்கும், தெரியும். ஆனால் நாலு நாடகத்தை நாலு தடவை ஆடுவதைவிட ஒரு நாடகத்தை இருபது இடத்தில் ஆடும் பிள்ளைக்குத்தான் ஏதாவது ஒட்டும். முதல் ஐந்து ஆட்டம் பிள்ளை தன்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். ஆறாவது ஏழாவதில்தான் எதிரே சனம் இருப்பது கண்ணில் படும். வீட்டுக்கு வீடு போய் ஆடுகிற அந்த வழக்கத்துக்கு இதுதான் பொருளோ என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு, அண்ணாவியார்களைக் கேட்டால் "அது நெல்லுச் சேர்க்க" என்று சிரிப்பார்கள்.

கூட்டத்துக்காரருக்கு என்ன பதில் சொல்வது? பேராதனையில் நாலு கூத்துப் போட்டார்கள், அதில் ஆடிய ஒரு மாணவர் முப்பது நாற்பது வருஷம் கழித்தும் அதே கூத்தைத் தன் மாணவர்களுக்குப் பழக்கினார் என்று சொல்லலாம், அது உண்மை. ஆனால் உங்கள் முதல் ஆண்டுப் பிள்ளைகளில் அப்படி ஒருவர் வருவார் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அதற்கு முன் இந்த மாதத்துக்குள் ஒன்று செய்யுங்கள். உங்கள் கல்லூரியிலிருந்து பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரத்தில் எத்தனை ஜமா, அதாவது கூத்துக் குழு, இன்னும் ஆடுகிறது, அதில் வாத்தியார் யார், ஆடிக்கும் பங்குனிக்கும் இடையில் அவருக்கு எப்போது ஓய்வு என்று விசாரியுங்கள். பாரதக் கூத்து நடக்கிற ஒரு இரவு முழுக்க உட்கார்ந்து பாருங்கள், இரண்டு மணிக்கு எழுந்து போகாமல். விடிந்ததும் வேஷம் கலைக்கிற இடத்துக்குப் போய், தேங்காய் எண்ணெய் வாசனைக்கு நடுவில், வாத்தியாரிடம் பேச்சுக் கொடுங்கள். துறை பற்றி உடனே சொல்ல வேண்டாம். அவர் உங்களை ஒரு டீ குடிக்கக் கூப்பிட்டால் பாடத்திட்டத்தின் முதல் பக்கத்தை அன்றைக்கு எழுதத் தொடங்கலாம்.